ஆராய்ச்சி சாலைக்கும் கருவறையா?

முட்டுக்காட்டுக் கழிமுகத்தண்டை மத்திய சர்க்காரின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1997-இல் கொடுவா மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் அந்நிலையத்தார். அதற்காக யாகம் வளர்க்கவில்லை. எந்த அம்மனுக்கும் பொங்கலிடவில்லை. நீரையும் உப்பையும் மீனின் உடலையும் ஆராய்ந்தார்கள், பலன் கண்டார்கள். இதே கரையில் தெற்கே போனால் கல்பாக்கத்தில் 1971-இல் துவக்கப்பட்ட அணு ஆராய்ச்சி நிலையம். வலை இழுப்பவர் மகனும் உப்பளக் கூலியின் மகளும் இந்த மதில்களைப் பார்த்தே வளர்கின்றார்கள். உள்ளே போக அவர்களுக்கு வழி என்ன என்பதே நமது கேள்வி.

டாக்டர் பட்டம் வாங்கியதோடு ஒருவர் விஞ்ஞானி உத்தியோகத்துக்குப் போய்விட முடிவதில்லை. அதன்பின் இரண்டொரு வருஷம் ஒரு பேராசிரியரிடம் தற்காலிகமாய் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கின்றது. இதற்குப் 'போஸ்ட் டாக்டரல்' என்று பெயர். இந்தப் படியில் கால் வைக்காதவருக்கு மேல்படி பெரும்பாலும் கிடையாது.

இதற்காக மத்திய சர்க்கார் கொடுக்கும் தேசிய உதவித் தொகைக்கு வயது வரம்பு 35. பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு 5 வருஷம் சலுகை உண்டு. நல்லதுதான். ஆனால் மனுப்போடும் முன்பே ஒரு விஞ்ஞானி "இவரை என்னிடம் வைத்துக்கொள்ளுகின்றேன்" என்று சம்மதம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சம்மதம் யாருக்குச் சுலபமாய்க் கிடைக்கும்? அவருக்குத் தெரிந்தவருக்கு, அல்லது அவருக்குத் தெரிந்தவரின் சிபார்சு உள்ளவருக்கு. முகம் தெரியாத கிராமத்துப் பிள்ளையின் கடிதம் பதிலின்றிக் கிடக்கும். இது குருகுலமல்லாமல் வேறென்ன?

உடனே "தகுதி, திறமை" என்று கூச்சலிடுவார்கள். மத்தியக் கல்வி நிலையங்களின் மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீடு செய்ய 2006-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. அதன் 4-வது பிரிவோ கல்பாக்கம் நிலையத்தையும், சென்னைக் கணித அறிவியல் நிலையத்தையும், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தையும் அட்டவணையில் போட்டு விலக்கிவிட்டது. மாணவனாக நுழையவே ஒதுக்கீடில்லை, நுழையாதவனுக்கு உள்ளே அறிமுகமில்லை, அறிமுகமில்லாதவனுக்குச் சிபார்சில்லை, சிபார்சில்லாதவனைப் பார்த்துத் "தகுதியில்லை" என்பது எந்த ஊர் நியாயம்?

ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரி பெயரால் கொடுக்கும் உதவித் தொகைக்கு எந்தத் தேசத்தாரும் மனுப்போடலாம். அங்கும் ஒரு நிலையத்தின் சம்மதம் வேண்டும். ஆனாலும் இன்னதற்கு இவ்வளவு மார்க்கு, இன்னது குறை என்று தோற்றவருக்கும் எழுத்து மூலம் அறிவிக்கின்றார்கள். தோற்றவர் குறையைத் திருத்தி மறுபடியும் போட்டியிடலாம். தகுதியைப் பார்க்கின்றவன் மார்க்கை மறைப்பானேன்?

ஆகவே நாம் கேட்பது இவைதான்: காலியாகும் இடம் ஒவ்வொன்றையும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்ய வேண்டும். தேர்வு விதியை முன்கூட்டி எழுதி வெளியிட வேண்டும். தள்ளப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். 2006 சட்டத்தின் விலக்கு அட்டவணையை ரத்துச் செய்ய வேண்டும்.

நம் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் போகாதீர்கள்; குருப்பெயர்ச்சி எந்த ஆராய்ச்சி சாலையையும் திறக்காது. எந்த விஞ்ஞானி எதை ஆராய்கின்றார் என்று அவருடைய கட்டுரைகளைப் படியுங்கள். அவர் வேலைக்கு உங்கள் வேலை எப்படி உதவும் என்று ஒரு பக்கத்தில் எழுதியனுப்புங்கள். பத்துப் பேர் பதில் போடாவிட்டால் பதினோராவது பேருக்கு எழுதுங்கள். மீனவர் பணமும் உப்பளக் கூலியின் பணமும் வரியாய்ச் சேர்ந்துதான் அந்த நிலையங்கள் நடக்கின்றன. நீங்கள் கேட்பது பிச்சையல்ல. ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களிடமும் இதையே கேளுங்கள்.