அன்பளிப்பு கேட்ட சிறுவன்



கு. அழகிரிசாமியின் கதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ‘அன்பளிப்பு’ கதையை ஒரே வரியில் கடந்துவிட்டது மனதுக்கு ஒப்பவில்லை. வேறு குழந்தைகளுக்குப் பரிசு கிடைத்தும் தனக்குக் கிடைக்காததால், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து கதைசொல்லியிடம் நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான் சிறுவன் சாரங்கன். அண்மையில் இதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். “அவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கலை?” என்று ஒரு சிறுமி கோபமாகவே கேட்டாள். கதைசொல்லியை அவள் மன்னிக்கத் தயாராக இல்லை. எந்த விமர்சனமும் இவ்வளவு நேராகக் கதையின் மையத்தைத் தொட்டு நான் படித்ததில்லை.

இக்கதையின் தலைப்பிலேயே வந்த சிறுகதைத் தொகுதிக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது அழகிரிசாமி உயிரோடு இல்லை. இன்றைய பிள்ளைகள் இவரைப் படிக்க வேண்டாமா? இதழ்தோறும் ஒரு பழைய சிறுகதையை, அது முதலில் வெளியான ஆண்டையும் குறிப்பிட்டு, மறுபிரசுரம் செய்யுங்கள்.

– ஒரு வாசகி, கோவில்பட்டி