பழனியைக் கொன்றது கடலா, கரையா?



அனுப்பம்பட்டில் ஒரு நாள், அஸருக்குப் பிந்தைய பாடம் முடிந்ததும், பழவேற்காடு ஏரியில் வலைவீசும் குடும்பத்து மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், கதையில் வருபவர் இறந்தால் நாம் ஏன் அழ வேண்டும்? அவர் பிறக்கவே இல்லையே!” அவர் கையில் இருந்தது, தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘செம்மீன்’.

அந்நாவலின் இறுதியில் மூவர் மாள்கின்றனர். அம்மூன்று மரணங்களும் ஒரே தரத்தவை அல்ல என்பது நம் கருத்து.

மனைவி கற்பு தவறினால் கடலுக்குச் சென்ற கணவன் மீளான் என்பது அக்கரையின் நம்பிக்கை. கறுத்தம்மா மணத்திற்கு முன் பரீக்குட்டி என்னும் முஸ்லிம் சிறுவணிகரை நேசித்தவள் என்ற பேச்சு, அவள் கணவன் பழனியை விடாது தொடர்கிறது. உடன் தொழில் செய்வோர் அவனை ஒதுக்குகின்றனர். சிறு தோணியில் தூண்டிலுடன் தனியே சென்றவன், சுறாவோடு போராடிச் சுழலில் மறைகிறான். இம்மரணம் வீணன்று. கரையின் புறம்பேச்சே அவனைத் தனிமைக்குத் தள்ளியது என்பதை நாம் படிப்படியாகக் கண்டுவிட்டோம். தோழர்கள் உடனிருந்திருந்தால் ஒரு கையேனும் நீண்டிருக்கும்.

ஆனால் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும்? அன்றிரவு சந்தித்தவர்களின் உடல்கள் இரு நாட்களுக்குப் பின் தழுவிய நிலையில் கரையொதுங்குகின்றன. அவர்கள் செய்தது பாவம் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், தவ்பாவின் வாசலைக் காட்டாமல் இருவரையும் சாகடித்தது, கரையின் நம்பிக்கை பலித்ததாகக் காட்டவே என்று தோன்றுகிறது. தாயை இழந்த பச்சைக் குழந்தையைச் சுமந்து அழும் தங்கை பஞ்சமியே அம்முடிவுக்கு உயிரூட்டுகிறாள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவ்விறப்பே காரணம் என மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை எனப் பெருமானார் திருத்தினார்கள். மகனுக்காகக் கண்ணீரும் வடித்தார்கள். அவர்கள் கண்ணீரைத் தடுக்கவில்லை. பொய்க் காரணத்தையே தடுத்தார்கள்.

கதைக்கும் இதுவே நாம் கொள்ளும் அளவுகோல். இறந்தவரின் வாழ்வையும் எஞ்சியோரின் துயரையும் உணரச் செய்யும் மரணம் பொருளுள்ளது. கதாசிரியரின் தீர்ப்பை நிறைவேற்ற மட்டும் வரும் மரணம் வீணானது.

இது ஏட்டோடு முடியும் பேச்சன்று. படகு திரும்பாத வீட்டில், ‘என்ன பாவமோ’ என்று முணுமுணுக்கும் நாவுகள் நம்மிடையேயும் உண்டு. நீரில் மூழ்கி இறந்த முஃமினை ஷஹீத்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது நபிமொழி. அவருடைய விதவையை நம் நாவு குற்றவாளியாக்கலாமா? அவ்வீட்டுக்கு உணவு கொண்டு செல்வோம்; துஆச் செய்வோம்; காரணம் கற்பிக்க வேண்டாம்.

புறம்பேசும் நாவிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.