தோட்டத்தில் எரியும் கட்டில்

புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தார் வெட்டிய வாழை மரங்கள் வரப்போரம் குவிந்து அழுகிக் கிடக்கும். தென்னை ஓலையும் பனை மட்டையும் ஒரு மூலையில் புகைந்துகொண்டிருக்கும். அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டிலோ பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் பட்டை பின்னிய கட்டில்! நாற்காலிக் கால் ஒடிந்தால் ஒட்டுப் போட முடியாது. அது குளத்தங்கரைக்குத்தான் போகும்.

நார்க்கட்டிலுக்கு என்ன வேண்டும்? பூவரசு அல்லது வேம்பில் ஒரு சட்டம், பனை மட்டையில் உரித்த நார், பின்னத் தெரிந்த ஒரு கை. தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டலாம். நார் இற்றுப்போனாலும் சட்டம் நிற்கும். பழைய நார் எருக்குழிக்குப் போகும். ஆனால் பின்னுகிறவர்கள் அருகிவிட்டார்கள். கூலி கட்டவில்லை என்பது பாதிக் காரணம்தான். பனை ஏறி மட்டை கழிக்க ஆள் இல்லை. பனைகளும் செங்கல் சூளைக்குப் போயின. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் மரம் நின்றால் மட்டும் நார் வந்துவிடாதே!

வாழைக் கழிவு நிலத்துக்கு உரமாயிற்றே, அதை எடுத்து நாற்காலி செய்வதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாழை மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். 100 கிலோ மட்டையில் கிடைக்கும் நார் சுமார் ஒரு கிலோதான். மிச்சச் சக்கையை எலுமிச்சை மரங்களின் வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போட்டால் கோடையில் ஈரம் காக்கும். நிலத்தின் பங்கைப் பறிப்பது நார் எடுப்பவரல்ல, தீ வைப்பவரே.

எந்த நாரை எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வாழை நார் பார்வைக்குப் பளபளப்பு, ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக்குள் இருக்கட்டும். சாரல் அடிக்கும் திண்ணைக்குத் தென்னங்கயிறுதான் சரி. வயர் அறுந்த பழைய நாற்காலிகளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறோம். அந்தச் சட்டத்திலேயே கயிறு பின்னினால் நாற்காலி தயார். காய்ப்பு ஓய்ந்த முதிர்ந்த தென்னையிலும் அடிமரத்தின் வெளிவைரம் பெஞ்சுக்கும் தூணுக்கும் உதவும். உள்சோறு உதவாது, அதையும் சேர்த்து அறுத்துவிட்டு, தென்னை உளுத்துப்போகும் என்று பழி சொல்லக் கூடாது.

நாரை நாராகவே கிலோ கணக்கில் விற்றால் லாபம் வெளியூருக்குப் போகும். மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவு முறையில் பனையோலைப் பொருள்களைச் செய்துதான் விற்கிறார்கள். நம் பக்கத்துக்கும் அந்த ஏற்பாடு தேவை. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நார் எடுக்கும் பயிற்சிக்கு அங்கே ஆள் அனுப்பலாம். எந்திரத்தைத் தனி விவசாயி வாங்குவது கட்டாது. பொதுவில் ஒன்று போதும். பொருள் விற்குமா என்ற தயக்கத்தை நீக்க, நகராட்சியும் பள்ளிகளும் தங்களுக்கு வேண்டிய நாற்காலிகளில் ஒரு பகுதியை இங்கேயே செய்யச் சொல்லலாமே!

அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மட்டை காயுமுன் நார் உரிப்பதுதான் சுலபம். அடுத்த முறை பனை கழிக்கிற அன்று, கட்டில் பின்னத் தெரிந்தவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.