உர மூட்டையும் அறிவியல் பாடமும்



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் தோட்டத்தில் உரம் போடத்தான் போவாய்" என்று பிள்ளைகளை மிரட்டும் பழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. உரமிடுவது அறிவு தேவைப்படாத வேலை என்னும் எண்ணம் இதனால் பிஞ்சு மனத்தில் பதிந்துவிடுகிறது. ஜாசினிலும் அலோர்காஜாவிலும் பள்ளி வேலிக்கு அப்பால் நிற்கும் செம்பனையைவிடச் சிறந்த அறிவியல் பாடத்துணைப் பொருள் நமக்குக் கிடைக்காது என்பது என் கருத்து.

தாவரத்திற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நம் மாணவர்கள் நீர், காற்று, சூரிய ஒளி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். மூன்றும் தாராளமாகக் கிடைக்கும் இந்நாட்டில் செம்பனைக்கு மூட்டை மூட்டையாக உரம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும்.

விடை காலடியில் இருக்கிறது. மண்ணியலார் தீபகற்ப மலேசியாவின் மண்வகை ஒன்றுக்கு 'மலாக்கா' என்றே பெயர் சூட்டியுள்ளனர். இரும்புச் சரளை மிகுந்த மண் அது. ஃபமோசா கோட்டையின் செம்புரைக்கல்லுக்கு உறவு எனலாம். நெடுங்கால மழையில் சத்துகள் கரைந்துபோன மண். இட்ட உரத்தையும் இறுகப் பிடித்து வைக்காது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் தமிழ்ப் பெயர்கள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்பவற்றைவிட மாணவருக்கு மிகுதியாகச் சொல்கின்றன. தழைச்சத்து இலையைப் பெருக்கும். பெயரிலேயே பாடம் இருக்கிறது. ஆனால், மணிச்சத்து என்னும் பெயர் நெல்லுக்குப் பொருந்துவது போல் செம்பனைக்குப் பொருந்தாது. குலையின் எண்ணிக்கையும் எடையும் பெரிதும் சாம்பல்சத்தைச் சார்ந்தவை. நிலக்கடலைக்கோ சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் வேண்டும். அதனால்தான் தமிழ்நாட்டு உழவர் ஜிப்சம் இட்டு மண் அணைக்கின்றனர். எண்ணெய்ப் பயிர்கள் அனைத்திற்கும் ஒரே பசி இல்லை.

கணிதப் பாடத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டன் செம்பனைக் குலை, மண்ணிலிருந்து ஏறக்குறைய 3.7 கிலோ பொட்டாசியத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு 20 டன் விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம். 74 கிலோ வெளியேறுகிறது. பொட்டாஷ் உரத்தில் பொட்டாசியம் பாதியளவே. ஆக, 50 கிலோ மூட்டை மூன்று, லாரியில் குலையோடு குலையாகத் தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறது! மழையில் கரைவது தனிக்கணக்கு. வெட்டிய மட்டைகளை வரிசைக்கிடையே அடுக்குவதும், ஆலையிலிருந்து வெறுங்குலைகளைக் கொண்டுவந்து பரப்புவதும் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கத்தான்.

இதை அறியாததால் வரும் இழப்பு சிறிதன்று. 2021-இல் உர விலை ஏறத் தொடங்கியது. பொட்டாஷ் முழுவதையும் நாம் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறோம். பெலாரஸ் மீதான தடைகளும் 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது தொடுத்த போரும் விலையை மேலும் உயர்த்தின. சிறு தோட்டக்காரர் பலர் உரத்தைக் குறைத்தனர்; அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால், "உரமில்லாமலே காய்க்கிறதே" என்று மகிழ்ந்தால் அது ஏமாற்றமே. இன்று வெட்டும் குலையின் பூ, ஆணா பெண்ணா என்பது ஏறக்குறைய ஈராண்டுக்கு முன்பே முடிவாகிவிட்டது. மரம் பசித்திருந்தால் ஆண்பூ மிகும், குலை குறையும். காரணத்திற்கும் விளைவுக்கும் இத்தனை இடைவெளி இருப்பதால், பிறகு பழி வெயிலின் மேலோ விதையின் மேலோ விழும்.

பிள்ளைகள் உரத்தைத் தொட வேண்டியதில்லை. மட்டையைப் பார்த்தால் போதும். மக்னீசியம் குறைந்த மரத்தில் கீழ்மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். ஆனால், ஓர் ஓலையின் நிழல் மற்றோர் ஓலையின்மேல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவே இருக்கும். போரான் குறைந்தால் இளம் ஓலையின் நுனி கொக்கிபோல் வளையும். இவற்றைப் படம் வரையச் சொல்லலாம்.

இன்னொன்றும் செய்யலாம். தலையில் பேசினைச் சுமந்து, மரத்துக்கு இவ்வளவு என்று டப்பாவால் அளந்து உரமிட்ட பாட்டிமார் நம் மாணவர் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். மழை பெய்யும் நாளில் ஏன் உரம் போடவில்லை, எந்த மரம் எப்படி மாறியது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த அறிவியல் வாரத்தில் அவர்களுள் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, நாற்காலியிட்டு அமர வைத்து, மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.