ஒரு விளம்பர வரியை மாற்றக் கோரி

தரவுப் பகுப்பாய்வுக்கு ஆள் எடுக்கும் பெருநிறுவனம் ஒன்றின் மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கு,



தங்கள் ஸ்தாபனம் வெளியிட்ட வேலைவாய்ப்பு விளம்பரத்தில், தரவுப் பகுப்பாய்வாளர் பதவிக்குக் கணினி அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்றவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றும், பிற துறைகளில் பெற்ற அனுபவம் கணக்கில் கொள்ளப்படமாட்டாது என்றும் கண்டிருந்த வரியைப் படித்தபின், பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக உத்தியோகம் பார்த்து, நடுவயதில் இத்தொழிலைக் கற்று, இன்று இதிலேயே ஜீவனம் நடத்துகிறவள் என்ற முறையில், என் அபிப்பிராயத்தைத் தங்களுக்குப் பகிரங்கமாகவே தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கென்று தங்களிடம் கேட்க வேண்டியது எதுவுமில்லை. வங்கிக் கவுண்டரிலும் மருத்துவமனை வார்டிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, பிள்ளைகள் உறங்கியபின் எஸ்க்யூஎல்லும் பைத்தானும் படித்துக்கொண்டிருக்கிற மனிதர்களை நான் அறிவேன். அவர்களுடைய விண்ணப்பங்களை ஒருவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்னரே மென்பொருள் ஒதுக்கித் தள்ளிவிடுகிறது என்பதையும் அறிவேன். அவர்களை முன்னிட்டே எழுதுகிறேன்.

இத்தொழிலின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர அனுமதிக்க வேண்டும். லண்டன் நகரில் வாரந்தோறும் அச்சாகி வந்த மரணப் பட்டியல்களை, அந்த வாரம் சாவு ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஊரார் மடித்து எறிந்துகொண்டிருந்த காலத்தில், அவற்றைப் பல ஆண்டுகளுக்குத் திரட்டி, கூட்டி, ஒப்பிட்டு, ஆண் பிறப்பு பெண் பிறப்பைவிடச் சற்று அதிகம் என்பது போன்ற உண்மைகளைக் கண்டு, 1662-ல் நூலாக வெளியிட்ட ஜான் கிராண்ட், சர்வகலாசாலையில் பயின்றவர் அல்லர். துணிமணிச் சில்லறைச் சாமான்கள் விற்ற கடைக்காரர். அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் விசேஷமாகப் படுவது, எண்களை அவர் எளிதில் நம்பாமல் இருந்ததுதான். இறந்தவர் வீட்டுக்குச் சென்று நோயின் பெயரைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு அந்நாளில் வயதான பெண்களிடம் இருந்தது. மானக்கேட்டுக்கு அஞ்சிய குடும்பத்தார் அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்து, வழக்கமான கூலியைவிடக் கூடுதலாகவும் கொடுத்தால், மேகநோய் பட்டியலில் க்ஷயரோகமாக மாறிவிடும் என்று கிராண்ட் எழுதினார். எந்தச் சூத்திரமும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. அந்த நகரத்தின் வீதிகளிலே வளர்ந்து, அதன் மனிதர்களோடு நித்தியமும் வியாபாரம் செய்தவர் ஆகையால், பட்டியலில் ஏறாத விஷயத்தையும் அவரால் வாசிக்க முடிந்தது. அவரை ராயல் சொசைட்டியில் சேர்த்துக்கொள்ளச் சிபாரிசு செய்தவர் இரண்டாம் சார்லஸ் மன்னர். இத்தகைய கடைக்காரர் இன்னும் எவரேனும் அகப்பட்டால் தயக்கமின்றி அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மன்னர் சொன்னதாக, அச்சங்கத்தின் வரலாற்றை 1667-ல் எழுதிய தாமஸ் ஸ்ப்ராட் பதிவு செய்திருக்கிறார்.

கிராண்டுக்குப் பின் வந்தவர்களும் பலர். போர்க்கால இராணுவ மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்து, காயத்தால் இறந்த சிப்பாய்களைவிட நோயால் இறந்தவர்களே மிகுதி என்பதை வரைபடங்களால் நிரூபித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். நம் தேசத்தில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மஹலனோபிஸ், பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். ஒவ்வொருவரையும் விரித்துரைக்க இங்கே அவசியமில்லை.

என் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றைப் பரிசீலித்துக்கொண்டிருந்தபோது, பிறந்த தேதிகளில் மே மாதமும் ஜூன் மாதமும் மற்ற மாதங்களைவிட மிக உயர்ந்து நின்றன. என்னோடு பணியாற்றிய இளைஞர், கணிதத்திலும் நிரல் எழுதுவதிலும் என்னைவிட எவ்வளவோ சமர்த்தர், ஆவணி முகூர்த்தங்களில் நடக்கும் திருமணங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஊகித்து, அதற்கு ஆதாரம் தேடத் தொடங்கியிருந்தார். மாதக் கணக்கும் பொருந்தியே வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையால் எழுதிய எனக்கு, அந்தத் தேதிகளைப் பார்த்த மாத்திரத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத நாட்களில், பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, தொட்டுவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்குமாறு ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். அந்தத் தேதியே பிற்பாடு எஸ்எஸ்எல்சி புத்தகத்திலும், அதிலிருந்து ஆதாரிலும், அதிலிருந்து நிறுவனங்களின் கணினிகளிலும் ஏறிவிட்டது. சான்றிதழ் கொடுத்தே பள்ளியில் சேர்ந்த இளைய தலைமுறையினரைத் தனியே பிரித்துப் பார்த்தோம். அந்த உயர்ச்சி மறைந்துபோயிற்று. வயதானவர்களின் வயது ஓராண்டு முன்பின்னாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் மேற்கொண்டு கணக்கிட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். அவருடைய நிரல் இல்லாமல் அதை என்னால் சோதித்திருக்க இயலாது. எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல, பதிவேட்டின் முன் உட்கார்ந்த ஒருத்தி தேவைப்பட்டாள். வார்டில் இரத்த அழுத்தம் குறித்த செவிலியருக்கும், தறியின் உற்பத்தியைத் தினசரி நோட்டில் எழுதிய மேஸ்திரிக்கும் இப்படிச் சொல்ல ஆயிரம் விஷயங்கள் இருக்கும்.

இத்தனை சொல்வதால், எவரும் எளிதாக இத்தொழிலுக்கு வந்துவிடலாம் என்று நான் வாதிப்பதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சில வாரங்களில் உத்தியோகம் நிச்சயம் என்று ஆசை காட்டி, கடன் வாங்கியாவது கட்டணம் செலுத்தச் செய்கிற பயிற்சி நிலையங்களின் மீது எனக்குள்ள வருத்தம் மிகப் பெரிது. அட்டவணைகளை இணைக்கும்போது வரிசைகள் பெருகிவிட்டனவா என்று பார்க்கத் தெரியாதவரும், சராசரிக்கும் நடுமதிப்புக்கும் உள்ள வித்தியாசம் எப்போது முக்கியம் என்று அறியாதவரும், இரண்டு எண்கள் சேர்ந்து ஏறுவதைக் கண்டவுடனே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதிவிடுகிறவரும், எத்துறையிலிருந்து வந்தவராயினும் இன்னும் கற்கவேண்டியவர்களே. அவர்களுக்குச் சலுகை காட்டுமாறு நான் கோரவில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது பரீட்சை ஒன்றுதான். பட்டத்தின் பெயரைப் பார்த்து வடிகட்டுவதற்குப் பதிலாக, தங்கள் தொழிலிலேயே கிடைக்கக்கூடிய, விடுபட்ட கட்டங்களும் இரட்டைப் பதிவுகளும் முரண்பட்ட தேதிகளும் நிறைந்த ஓர் அட்டவணையை, சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, விண்ணப்பித்தவர்களிடம் கொடுங்கள்; இரண்டு நாள் அவகாசம் அளியுங்கள்; அவர்கள் போட்ட கணக்கை மாத்திரமன்றி, அந்த அட்டவணையைப் பற்றி அவர்கள் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் மதிப்பிடுங்கள். தேர்ந்தவர்களை நியமிக்கும்போது, பத்து ஆண்டுகள் வேறு பணியில் இருந்தவரை ‘ஃப்ரெஷர்’ என்று எழுதி, நேற்றுக் கல்லூரியிலிருந்து வந்தவருக்குரிய சம்பளத்தில் நிறுத்திவிடாமல், அந்த ஆண்டுகளில் தங்களுக்குப் பிரயோஜனமானவை எவை என்று அவரிடமே கேட்டுத் தீர்மானியுங்கள். அடுத்த விளம்பரம் வெளிவருவதற்குள் அந்த ஒரு வரியைத் தாங்கள் மாற்றக்கூடுமாயின், இப்போது விண்ணப்பிக்கவே துணியாமல் இருக்கிற பலர் விண்ணப்பிப்பார்கள். பரீட்சைக்குரிய அட்டவணைகளைத் தயாரிக்கவும், விடைகளைத் திருத்தவும் என் உதவி தேவைப்பட்டால், ஊதியம் எதுவும் பெறாமல் வந்து செய்யச் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
பள்ளிக்கூடத்திலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு வந்த ஓர் ஆசிரியை