"விலைக்கு மெசேஜ் பண்ணுங்க"ன்னு போடாதீங்க!

திங்கள் முதல் வெள்ளி வரை அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, சனி ஞாயிறு அயனம்பாக்கம் வீட்டு ஹால்ல தஞ்சாவூர் ஓவியம். இப்படி சைடு இன்கம் பார்க்க நினைக்கிறவரா நீங்க? அப்போ உங்க விற்பனைப் பக்கத்துல "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க"ங்கிற வரி இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா எடுத்துடுங்க. என்னைக் கேட்டா, வர்ற காசைத் தடுக்கிறதே அந்த வரிதான்.

கூச்சப்படுறவர் விலையைக் கேட்காமலே போயிடுவார். கேட்கிறவருக்கு ஆபீஸ் மீட்டிங் நடுவுல நீங்க பதில் டைப் பண்ணணும்.

1966-ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாச்சு. பாத்திக் மாதிரி கைவினைப் பொருட்களைச் சேர்ந்து வித்த காசுலதான் நிலம் வாங்கினாங்க. கலைக்கு வியாபாரம் எதிரி இல்லைங்கிறதுக்கு அதுவே சாட்சி. அங்கே நேர்ல போறவர் படத்தை உத்துப் பார்க்கலாம், சந்தேகம் கேட்கலாம். ஆன்லைன்ல அது முடியாது. அதனால அவர் கேட்கப்போற எல்லாத்துக்கும் பதில் முன்கூட்டியே அங்கே இருக்கணும்.

என்னென்ன? ஃபிரேமோட, ஃபிரேம் இல்லாம அளவு எவ்வளவு. நிஜ தங்க ரேக்கா, இமிடேஷனா. கையால வரைஞ்சதா, பிரிண்டா. எத்தனை நாள்ல வரும், கண்ணாடி உடைஞ்சு வந்தா யார் பொறுப்பு. போட்டோவை ஃபில்டர் போடாம பகல் வெளிச்சத்துல எடுங்க. ஒரு படமாவது நாற்காலிக்கு மேல சுவர்ல மாட்டி எடுங்க, அளவு சட்டுனு புரியும். தங்கம் மின்னுறது தெரிய பத்து செகண்ட் வீடியோ போதும். அக்கவுன்ட் ஆரம்பிக்கச் சொல்லி வாங்குறவரைப் படுத்தாதீங்க, யு.பி.ஐ. இருந்தா மூணு தட்டுல வேலை முடியணும்.

விலை எப்படிப் போடுறது? ஒரு உதாரணக் கணக்கு. விலை ₹4,500. பொருள், ஃபிரேம் ₹1,800. பேக்கிங், கூரியர் ₹500. பேமென்ட் கேட்வே 2% வெச்சா ₹90. மிச்சம் ₹2,110. 14 மணி நேரம் உழைச்சிருந்தா, மணிக்குச் சுமார் ₹150. இதுல கூரியரை மறந்துட்டு, "ஷிப்பிங் ஃப்ரீ"ன்னு போட்டா என்ன ஆகும்னு யோசிங்க! கடைசி ஸ்க்ரீன்ல திடீர்னு ஏத்துறதும் தப்பு. பார்த்தவுடனே மொத்தத் தொகை தெரியணும்.

இது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை. தொழிலா தொடர்ந்து வித்தா, நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 பொருந்தும். மொத்த விலை, ரிட்டர்ன், ரீஃபண்ட், டெலிவரி விவரம் எல்லாத்தையும் தெளிவா காட்டணும்.

இன்னொண்ணு: இந்த வருமானம் வந்துட்டா ஐ.டி.ஆர்-1 போட முடியாது. இது வியாபார வருமானம், ஐ.டி.ஆர்-3 அல்லது ஐ.டி.ஆர்-4. அதனால ஒவ்வொரு விற்பனைக்கும் பில், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வெச்சுக்கோங்க. முடிஞ்சா தனி பேங்க் அக்கவுன்ட்டும் வெச்சுக்கோங்க.

இந்த சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. ஓவியம் பத்தி எதுவும் தெரியாத ஒருத்தர்கிட்ட உங்க பக்கத்தைத் திறந்து போனைக் கொடுங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது. அவர் உங்களைப் பார்த்து என்ன கேட்கிறாரோ, அதுதான் நீங்க எழுத மறந்த வரி.