பிரேக் சரியில்லை என்றால், எது சரியில்லை?

கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்துக்கொள்கிறோம். தவறினால் அபராதம் என்று நமக்குத் தெரியும். அந்தத் தராசில் நிறுக்கப் போகும் சரக்கைக் கொண்டு வரும் வண்டியின் பிரேக்கை யார் சோதிக்கிறோம்? ஓட்டுநர் வந்து, "பிரேக் சரியில்லை முதலாளி" என்கிறார். "பட்டறையில விட்டு லைனிங் மாத்திருப்பா" என்று கல்லாவில் இருந்தபடியே சொல்லிவிடுகிறோம். லைனிங் மாறுகிறது, பில் வருகிறது. பத்து நாளில் அதே ஓட்டுநர் அதே சொல்லோடு வந்து நிற்கிறார்.

பழைய சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் பெடல் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் காலாலேயே மிதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதை ஓட்டுநர் தலையிலும் பட்டறைக்காரர் தலையிலும் மட்டும் கட்டிவிட முடியாது. விபத்து நடந்து இழப்பீட்டு வழக்கு வந்தால் ஓட்டுநர் பெயரோடு வண்டி உரிமையாளர் பெயரும் சேர்ந்துதான் வரும்.

நம் பக்கத்துக் கடை வாசல்களில் நிற்பவை பெரும்பாலும் பழைய வண்டிகளே. டாடா 407 வந்தது 1986இல். நாம் குட்டியானை என்று அழைக்கும் ஏஸ் 2005இல் வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதான குட்டியானையும் பொலிரோ பிக்கப்பும் மதுரைக்கும் திருச்சிக்கும் விருதுநகருக்கும் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். காட்டுகிறோம். அந்த ஒரு நாளுக்காக முடுக்கி வைத்த பிரேக், மீதி நாளெல்லாம் யாரும் தொடாமல் கிடக்கிறது.

பெடல் பேசும் மொழி கடினமானதல்ல. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். காற்று எந்த வழியாகப் புகுந்தது என்பதையும் கேட்க வேண்டும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை அடித்த பிறகு மேலே வந்து பிடித்தால், பெரும்பாலும் பின்சக்கரத்து ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கும். பல நேரம் அட்ஜஸ்ட் செய்தாலே போதும். "ரெண்டு அடி அடிச்சா புடிச்சிக்கும் முதலாளி" என்று ஓட்டுநர் பெருமையாகச் சொல்லும் வண்டி இதுதான். குறுக்கே ஆடு பாயும்போது இரண்டாவது அடிக்கு நேரம் இருக்காது.

பெடலை மிதித்து அழுத்தியபடியே அரை நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அலட்சியம் வேண்டாம். டப்பாவில் ஆயில் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எங்கோ வெளியே கசிகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குறையாமலே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். இதற்கு லைனிங் மாற்றுவது, கூரை ஒழுகுகிறது என்று தரைக்குச் சிமெண்ட் பூசுவதற்குச் சமம்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் இழுக்கும் பக்கத்தையே பிரித்துப் பார்ப்பது வழக்கம். இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பல சமயம் வலப்பக்கச் சக்கரம் பிடிக்கவில்லை என்றுதான் பொருள். பத்து கிலோமீட்டர் ஓடி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்சக்கரம் ஒன்று குளிர்ந்து கிடந்தால் அது வேலையே செய்யவில்லை.

பெடல் கல்லாக இறுகிக் கிடக்கும் கோளாறு இருக்கிறதே, அதில்தான் நம் பணம் அதிகம் வீணாகிறது. நான் அறிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் இதற்காக ஒரே ஆண்டில் இரண்டு முறை லைனிங் மாற்றினார். கடைசியில் பார்த்தால், வெடித்துப்போன ஒரு வேக்கம் ஓஸ்! பெட்ரோல் வண்டியில் என்ஜினே காற்றை உறிஞ்சி பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கொடுத்துவிடும். டீசல் என்ஜினில் அந்த வசதி கிடையாது. அதனால் வேக்கம் பம்ப் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். பல பழைய வண்டிகளில் அது டைனமோவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். டைனமோவைக் கழற்றி மாட்டினால் பிரேக் கெடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உண்மை அதுதான். சோதனைக்குக் காசு வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பெடலை அடியுங்கள், இறுகும். இறுகிய பெடலை அழுத்தியபடியே என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் பம்ப், ஓஸ், பூஸ்டர் இந்த மூன்றில் ஒன்றில் கோளாறு.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டும் ஓட்டுநர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். என்ஜின் நின்றால் வேக்கம் பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதியில் சேமிப்பு தீர்ந்துபோகும். நம் செம்மண் சமவெளியில் இதன் ஆபத்து சட்டென்று தெரியாது. அதே வண்டி ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டு ஏறி இறங்கும்போது தெரியும்.

இனிப் பாரத்துக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஏஸ் வண்டி வந்தபோது அதற்குச் சொன்ன பாரம் 750 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை 15. அரிசி என்றால், 2022 ஜூலையில் வரி வந்த பிறகு நமக்குப் பழகிப்போன 26 கிலோ மூட்டையில் 28. நாம் ஏற்றுவது எவ்வளவு என்று நான் எழுத வேண்டியதில்லை. எடை இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியும் இரண்டு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் அது இரண்டேகால் மடங்கு. அதிக பாரத்துக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை வாடகை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத லாபத்தைக் கட்டுவது என்ன வியாபாரக் கணக்கு?

பாரம் தாங்கட்டும் என்று பின்னால் கூடுதலாக ஒரு பட்டை போடுவோரும் நம்மில் இருக்கிறார்கள். சில பிக்கப் வண்டிகளில் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பார்த்துப் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பட்டை கூடினால் வண்டி அமுங்காது. முழுப் பாரம் இருந்தும் வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின்பிரேக் பாதிதான் பிடிக்கும். பட்டை அடித்தவரும் லைனிங் மாற்றியவரும் வேறு வேறு ஆட்கள் என்பதால் இந்தக் கோளாறு கண்ணில் படுவதே இல்லை.

பிரேக் ஆயில் விஷயத்திலும் நமக்குக் கவனம் போதாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று குறித்த புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பஞ்சுப் பெடல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. மூடி திறந்து அலமாரியில் கிடந்த பாதி டப்பாவை வாங்காதீர்கள். சிறிய டப்பாவாக, சீல் உடையாததாக வாங்குங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப்போகும். மட்டம் குறைந்தவுடன் ஊற்றி நிரப்புவதும் தவறான பழக்கம். பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும். காரணம் பார்க்காமல் நிரப்பினால் அடையாளத்தையே அழித்துவிடுகிறோம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் கூட்ட நாள் ஒன்றில் உறுப்பினர்கள் தம் வண்டியையும் ஓட்டுநரையும் அழைத்து வரட்டும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைச் சங்கச் செலவில் அமர்த்தி, மேலே சொன்ன சோதனைகளைக் காலி மைதானத்தில் செய்து காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு வண்டியிலும் 40 பக்க நோட்டு ஒன்று இருக்கட்டும். "பிரேக் சரியில்லை" என்று அதில் எழுதக் கூடாது. பெடல் இறங்கியதா, இறுகியதா, பாரத்தோடா, காலியாகவா, எந்தப் பக்கம் இழுத்தது என்று தேதி போட்டு எழுத வேண்டும். எழுதத் தெரியாத ஓட்டுநர் சொன்னால் கல்லாவில் இருக்கும் நாமே எழுதிக்கொள்ளலாம். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும்போது பணத்தோடு அந்த நோட்டையும் கொடுத்து அனுப்புங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்கி வரச் சொல்லுங்கள்.